தப்பான விடைகளின் விளையாட்டு

ஒரு விளையாட்டு நண்பர்களுக்கானதா, இல்லையா என்று கண்டுபிடிக்க ஒரு சுலபமான பரீட்சை இருக்கிறது. அதில் சொல்லப்படும் தப்பான விடைகள் ரசிக்கும்படி இருக்கின்றனவா? இருந்தால் நாலு பேரோடு உட்கார்ந்து ஆடலாம். இல்லையென்றால் தனியாக, காபி ஆறுவதற்குள் ஆடிவிட்டு எழுந்து போகலாம்.

இந்தப் பரீட்சையில் வேர்டில் பாஸாகாது. உலகமே ஆடின விளையாட்டைப் பற்றி இப்படிச் சொல்லக் கொஞ்சம் தைரியம் வேண்டும். அதனால் அதன் நல்ல குணங்களை முதலில் சொல்லிவிடுகிறேன். ஜாஷ் வார்டில் என்ற இன்ஜினீயர், புரூக்ளினில் தன் துணைவி ஆடுவதற்காக எழுதின புரோகிராம் அது. 2021 அக்டோபரில் பொதுவில் வைத்தார். நவம்பர் 1-ம் தேதி அதை ஆடியவர்கள் 90 பேர். 2022 ஜனவரி 2-ம் தேதி மூன்று லட்சம் பேர். அந்த மாசக் கடைசியில் நியூயார்க் டைம்ஸ் அதை விலைக்கு வாங்கிவிட்டது. ஒரு நாளைக்கு ஒரே ஒரு சொல், எல்லாருக்கும் அதே சொல், ஆறே ஆறு முயற்சி. இந்தக் கஞ்சத்தனம்தான் அதன் அழகு.

ஆனால் நண்பர்கள் எங்கே? ஆடி முடித்ததும் பச்சை, மஞ்சள், சாம்பல் கட்டங்களை வாட்ஸப்பில் அனுப்புகிறோம். அவற்றில் எழுத்தே இல்லை. நண்பன் மூன்றாவது முயற்சியில் என்ன நினைத்தான், எதில் தடுமாறினான் என்று தெரியாது. நாலில் முடித்தான் என்பது மட்டும் தெரியும். இது பேச்சு இல்லை சார், மார்க் ஷீட். தப்பான முயற்சிகள் இதில் வெறும் செலவு.

இதற்கு நேர் எதிராக ஒரு பழைய விளையாட்டு இருக்கிறது. பெயர் கிராம்போ. ஒருவர் மனசில் ஒரு சொல்லை நினைத்துக்கொண்டு, அதோடு ஓசை ஒத்துப்போகும் இன்னொரு சொல்லை மட்டும் வெளியே சொல்வார். பூனையை, அதாவது 'கேட்' என்பதை நினைத்தவர், 'ஹேட் மாதிரி ஒலிக்கும்' என்பார். மற்றவர்கள் கண்டுபிடிக்க வேண்டும். இதில் ஒரு முக்கியமான நிபந்தனை உண்டு. 'அது பேட்டா?' என்று நேரடியாகக் கேட்கக் கூடாது. 'ராத்திரியில் பறக்குமா, தலைகீழாகத் தூங்குமா?' என்று சுற்றிவளைத்துக் கேட்க வேண்டும். நினைத்தவர் அதைப் புரிந்துகொண்டு, 'இல்லை, பேட் இல்லை' என்று பதில் சொல்ல வேண்டும். ஆக, கண்டுபிடிக்கிற வேலை இரண்டு பக்கமும் நடக்கிறது.

இது 14-ம் நூற்றாண்டிலேயே 'அரிஸ்டாட்டிலின் ஏபிசி' என்ற பெயரில் ஆடப்பட்டதாக ஜோசப் ஸ்ட்ரட் என்பவர், ஆங்கிலேயரின் விளையாட்டுகளைப் பற்றிய புத்தகத்தில் சொல்கிறார். 1660-ல் ஹாலந்துக்குப் போன சாமுவேல் பெப்பிஸ், வண்டியில் போகும்போது கிராம்போ ஆடினோம் என்று தன் டயரியில் குறித்து வைத்திருக்கிறார். பெயர் வந்த விதம் இன்னும் வேடிக்கை. லத்தீனில் 'கிராம்பே' என்றால் முட்டைக்கோஸ். ஒருமுறை பரிமாறிய முட்டைக்கோஸை மறுபடி சூடு பண்ணிக் கொண்டுவந்து வைப்பதைச் சொல்லும் பழமொழியிலிருந்து பிறந்த சொல் இது. அதே ஓசை திரும்பத் திரும்ப வருவதால் இந்தக் கேலி.

இந்த விளையாட்டு இன்டர்நெட்டுக்கு என்றே செய்தது போல இருக்கிறது. காசு, சீட்டு, பலகை எதுவும் வேண்டாம், டைப் அடித்தால் போதும். ஒருவர் நியூஜெர்சியிலும் ஒருவர் துபாயிலும் ஒருவர் மாம்பலத்திலும் இருந்தாலும் பரவாயில்லை. காலையில் போட்ட கேள்விக்கு ராத்திரி பதில் வரலாம், ஆட்டம் காத்துக்கொண்டிருக்கும். 'இனிய காலை வணக்கம்' ரோஜாப்பூக்களை மட்டுமே பரிமாறிக்கொள்ளும் பழைய காலேஜ் குரூப்புக்கு இதைவிட நல்ல சிகிச்சை எனக்குத் தெரியாது.

சரி, தமிழில் ஆடலாமா?

அப்படியே இறக்குமதி செய்தால் படுத்துவிடும். காரணம் இலக்கணத்தில் இருக்கிறது. ஆங்கிலத்தில் ஓசை ஒற்றுமை சொல்லின் கடைசியில் வருகிறது. அது அங்கே அபூர்வமான பொருள். 'ஆரஞ்ச்' என்பதற்கு ஜோடி தேடிக் கவிஞர்கள் களைத்திருக்கிறார்கள். நமக்கோ கடைசி ஓசை இலவசம். வந்தான், தின்றான், போனான், தூங்கினான் என்று அகராதியிலுள்ள வினைச்சொல் அத்தனையும் 'ஆன்' என்று முடியத் தயாராக நிற்கின்றன. 'நான் நினைத்த சொல் வந்தான் மாதிரி முடியும்' என்று புதிர் போட்டால், 'டெலிபோன் நம்பர் சைபரில் முடியும், யாருடையது சொல்' என்று கேட்பது போலத்தான்.

தமிழ் இதை எப்போதோ யோசித்துவிட்டது. கடைசி ஓசை ஒத்துவருவதற்கு இயைபு என்று தொல்காப்பியத்திலேயே பெயர் உண்டு. ஆனால் யாப்பில் ராஜ மரியாதை அதற்கு இல்லை, எதுகைக்குத்தான். இரண்டாம் எழுத்து ஒன்றிவர வேண்டும். அதோடு முதலெழுத்துகள் அளவில் ஒத்திருக்க வேண்டும், அதாவது குறிலுக்குக் குறில், நெடிலுக்கு நெடில். பட்டுக்குக் கட்டு சரி, பாட்டு சரியில்லை. ஏறக்குறைய ஆயிரம் வருஷத்துக்கு முன் அமிதசாகரர் எழுதிய யாப்பருங்கலக் காரிகையையும் அதன் உரையையும் பார்த்தால் எதுகையில் தரப்பட்டியலே இருக்கிறது. முதலெழுத்து தவிர மற்ற எல்லாம் ஒன்றிவந்தால் தலையாகெதுகை. இரண்டாம் எழுத்து மட்டும் ஒன்றினால் இடையாகெதுகை. மெய் அதே, உயிர் வேறு என்றால் வருக்க எதுகை.

இன்றைய பாஷையில் சொன்னால் இவை டிஃபிகல்ட்டி லெவல்கள். கிராம்போவைத் தமிழில் ஆடத் தலையாகெதுகையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மாதிரி ஆட்டம் இதோ. கொடுக்கப்பட்ட சொல் 'பட்டம்'.

"தன் கடமையைச் செய்யும் என்று மந்திரிகள் சொல்வதா?"

"இல்லை, சட்டம் இல்லை."

"திங்கட்கிழமை காலையில் ஆபீசுக்குப் போடுவதா?"

"மட்டமும் இல்லை."

"வாத்தியார் உள்ளே வந்ததும் அடங்குவதா?"

"கொட்டமா? இல்லை."

"பட்ஜெட்டில் படித்துக் கைதட்டு வாங்குவதோடு சரியா?"

"திட்டம் இல்லை."

"பிரியாணிப் பொட்டலம் கொடுத்துச் சேர்ப்பதா?"

"கூட்டம் செல்லாது. முதலெழுத்து நெடில்."

"இன்கம்டாக்ஸ்காரரிடம் மட்டும் காட்டுவதா?"

"நஷ்டமும் செல்லாது. இரண்டாம் எழுத்து வேறே!"

"தாசில்தார் ஆள்வதா?"

"அதேதான். வட்டம்."

கவனியுங்கள். ஏழு கேள்விகளில் ஆறு தப்பு. அந்த ஆறுதான் ஆட்டமே. சரியான விடை வந்ததும் ஆட்டம் முடிந்துபோகிறது என்பதில் எல்லாருக்கும் லேசான வருத்தம்கூட இருக்கும். அது மட்டுமில்லை, ஒவ்வொரு கேள்வியும் கேட்பவர் யார் என்று காட்டிக்கொடுத்துவிடுகிறது. மட்டத்துக்கு உதாரணம் திங்கட்கிழமை ஆபீஸ் என்று ஒருவருக்குத் தோன்றும், கொத்தனாரின் ரசமட்டம் என்று இன்னொருவருக்குத் தோன்றும். 'நம்ம கெமிஸ்ட்ரி வாத்தியாருக்கு வராதது' என்று யாராவது கேட்டால் அந்த கிளாஸில் இருந்த முப்பது பேருக்குத்தான் பதில் தெரியும். எந்த அகராதியிலும் இல்லாத அர்த்தம் அது. பழைய சிநேகிதம் என்பது இப்படிப்பட்ட அர்த்தங்களின் சேமிப்புதானே?

காப்பியடிக்கலாமே என்பீர்கள். எதுகைச் சொற்களின் பட்டியல் இன்று யாருக்கும் கிடைக்கும், கம்ப்யூட்டரைக் கேட்டால் நொடியில் கொட்டும். வேர்டிலில் அப்படி விடை பார்த்துவிட்டால் ஆட்டம் காலி. கிராம்போவில் பட்டியல் கையில் இருந்தும் பாதி வேலை பாக்கி. சொல்லை விடுகதையாக்க வேண்டும், அதுவும் எதிராளிக்குப் புரியும்படி, ஆனால் உடனே புரிந்துவிடாதபடி. திருடனுக்கும் கற்பனை வேண்டும்.

நம்முடைய மற்ற சொல் விளையாட்டுகளோடு ஒப்பிட்டாலும் இது ஒரு படி மேல். அந்தாக்ஷரியும், இலங்கை வானொலியிலும் பிறகு சன் டிவியிலும் பி.எச். அப்துல் ஹமீது நடத்திய 'பாட்டுக்குப் பாட்டு'ம் நமக்குப் பிரியமானவை. ஆனால் அவை ஞாபகத்தைச் சோதிப்பவை. எழுத்து கிடைத்ததும் பாட்டு வர வேண்டும், பாட்டின் அர்த்தம் யாருக்கும் தேவையில்லை. கிராம்போவில் ஓசை வாசல் மட்டும்தான். உள்ளே போனால் எல்லாம் அர்த்தம்.

வேர்டிலைத் தமிழில் செய்பவர்கள் சந்திக்கிற சங்கடத்துக்கும் இங்கே ஒரு மருந்து இருக்கிறது. ஆங்கிலக் கட்டம் ஒன்றில் 26 எழுத்துகளில் ஏதோ ஒன்று. தமிழில் 247. கி-யை ஊகித்தவரிடம் விடை கா என்றால், 'முழுத்தப்பு' என்பதா, 'கிட்ட வந்துவிட்டாய்' என்பதா? ககரத்தைப் பிடித்தவருக்கு ஒன்றுமே கொடுக்காமலிருப்பது அநியாயம். வருக்க எதுகை என்ற பெயரில் இலக்கணம் அந்தக் கிட்டத்து உறவை ஏற்கெனவே அங்கீகரித்திருக்கிறது. ஒரு தனி நிறம் கொடுத்துவிட்டால் தீர்ந்தது. ஆங்கிலப் பெட்டியில் தமிழை அடைப்பதற்கு முன்னால் தமிழ் யாப்பை ஒருமுறை புரட்டிப் பார்ப்பது நல்லது என்று சொல்வது இதனால்தான்.

இனி கொஞ்சம் சீரியஸான விஷயம். நண்பர்கள் குரூப்பில் பெரும்பாலும் தமிழை ரோமன் எழுத்தில்தான் தட்டுகிறோம். 'பி, ஏ, எல், ஏ, எம்' என்று அடித்தால் அது பலமா, பாலமா, பழமா? வாக்கியத்தில் வந்தால் புரிந்துவிடுகிறது. அதனால் வித்தியாசம் நமக்குத் தேவைப்படாமலே போய்விட்டது. பேச்சிலும் ரகரமும் றகரமும் பலருக்கு ஒன்றாகிவிட்டன. எதுகை மட்டும் விட்டுக்கொடுக்காது. கரியின் குடும்பம் நரி, பரி, வரி, சரி. கறியின் குடும்பம் நெறி, பொறி, குறி, வெறி. இரண்டு குடும்பத்துக்கும் கொள்வினை கொடுப்பினை கிடையாது. பழைய நூல்களைப் பதிப்பித்தவர்கள் ஏட்டுச்சுவடியில் ஒரு சொல் ஐயமாக இருந்தால் எதுகையைச் சாட்சிக்கு அழைத்திருக்கிறார்கள். மேலடியில் இந்த எழுத்து என்றால் கீழே இதுதான் இருக்க முடியும் என்று. அந்தச் சாட்சி நம் காலத்தில் வேலையில்லாமல் உட்கார்ந்திருக்கிறது.

ஆகவே கிராம்போவுக்கு நான் சிபாரிசு செய்யும் முதல் விதி, தமிழ் எழுத்தில் ஆடுங்கள் என்பது. காதுக்கு ஒத்தால் போதாதா என்று சண்டை வரும். வரட்டும், ஒரு றகரத்துக்காக நாலு பேர் சண்டை போட்டுக்கொள்வதைவிட ஒரு மொழிக்கு வேறென்ன மரியாதை வேண்டும்? இரண்டாவது விதி, வீட்டில் புழங்குகிற சொல் எதுவானாலும் செல்லும். பஸ்ஸும் பீரோவும் உள்ளே வரலாம். அகராதியிலிருந்து யாருக்கும் தெரியாத சொல்லைத் தோண்டி எடுத்து ஜெயிக்கப் பார்க்கும் புலவர் மட்டும் வெளியே. மூன்றாவது, கேள்வி புரியாவிட்டால் தோற்றது நினைத்தவர்தான்.

குறை இல்லாமல் இல்லை. குரூப்பில் ஒருவர் வேகமாகத் தட்டுபவராக இருந்தால் மற்றவர்கள் வேடிக்கை பார்க்க வேண்டியதாகிவிடும். ஆளுக்கு ஒரு கேள்வி, பிறகு அடுத்தவர் முறை என்று வரிசை வைத்துக்கொள்ள வேண்டும். நாலு பேருக்குக் குறைந்தால் சோபிக்காது. தனிமையில் இருப்பவருக்கு வேர்டில் தருகிற ஐந்து நிமிஷ ஆறுதலை இது தராது. அதற்கு இன்னொருவர் வேண்டும். அந்தக் குறையைத்தான் நான் இதன் பெரிய நிறை என்கிறேன்.

ஆங்கிலத்தில் இதற்கு ஒரு தங்கையும் உண்டு, 'ஹிங்க் பிங்க்' என்று. குறிப்பு கொடுத்தால் விடை ஓசை ஒத்த இரண்டு சொற்களாக இருக்க வேண்டும். 'குண்டுப் பூனை' என்றால் 'ஃபேட் கேட்'. தமிழில் எதுகையை வைத்து இதுவும் அருமையாக வரும். மூன்று போட்டுப் பார்த்தேன்.

எம்.என். நம்பியார், ஷூட்டிங் முடிந்த பிறகு: நல்ல வில்லன்.

கிழவிகளின் ஓட்டப் பந்தயம்: பாட்டி போட்டி.

நாடகத்தில் விசுவாமித்திரர் முகத்தில் ஒட்டியிருப்பது, காலையில் கடைக்குத் திரும்ப வேண்டியது: வாடகைத் தாடி. இது வருக்க எதுகைதான், ஆனால் தாடிக்காக மன்னிக்கலாம்.

நாலாவதுக்கு விடை கொடுக்கப் போவதில்லை. கிராம்போ என்ற பெயருக்கு லத்தீன்காரர்கள் வைத்தது மறுபடி சூடு பண்ணின முட்டைக்கோஸ். அதைத் தமிழ்ச் சமையலறை வழக்கப்படி இரண்டே சொல்லில் சொல்லுங்கள். ழகர எதுகை. நேற்று வைத்தது, இன்றைக்குத்தான் அதிக ருசி.

பக்கத்திலிருப்பவரிடம் கேளுங்கள். அவர் தப்பாகச் சொன்னால் அதை எனக்கு எழுதுங்கள்.