எதற்கு அஞ்சலாம்?

மலேசியாவின் கெடா மாநிலத்தில், மூடா ஆறு கடலில் கலக்கும் இடத்துக்குப் பக்கத்தில் புக்கிட் மெரியாம் என்றொரு சிறு குன்று இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் ஜேம்ஸ் லோ என்ற பிரிட்டிஷ் படை அதிகாரி அங்கே இடிந்து கிடந்த செங்கல் கட்டடம் ஒன்றில் எழுத்துப் பொறித்த கல்லைக் கண்டெடுத்தார். அதில் இருந்த அதே சமஸ்கிருதச் செய்யுள், கோத்தா கோலா மூடா வட்டாரத்துச் சுங்கை மாஸில் கிடைத்த கல்லிலும் இருக்கிறது. செபராங் பிறையில் கிடைத்த புத்தகுப்தனின் கல்லிலும் இருக்கிறது. எல்லாம் ஏறக்குறைய 1,500 ஆண்டுப் பழமை. வினைக்கு வேர் அறியாமை, அறிவு வந்தால் பிறவித் தொடர் அறும் என்பது அந்தச் செய்யுளின் சாரம்.

புத்தகுப்தன் பெருங்கப்பல் தலைவன். தன் கல்லின் நடுவில் தூபியின் உருவத்தையும் ஓரத்தில் பயணம் இனிதே முடிய வேண்டும் என்ற வேண்டுதலையும் பொறித்து வைத்தான். வினையை வெல்லும் அறிவு ஒருபக்கம், காற்றும் அலையும் ஏமாற்றாதிருக்க வேண்டுதல் இன்னொருபக்கம். அச்சத்தைப் பற்றிச் சிந்தித்தவர்கள் எல்லாரையும் இந்த இரண்டு விளிம்புகளுக்கு நடுவே எங்காவது நிறுத்திவிடலாம் என்று எனக்குப் படுகிறது.

தமிழில் இந்த ஆராய்ச்சியைத் தொடங்கிவைத்தவர் தொல்காப்பியர். மெய்ப்பாட்டியலில் எட்டு உணர்வுகளைச் சொல்லும் அவர், அச்சம் பிறக்கும் இடங்கள் நான்கு என்கிறார்: அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை. அவர் கெடாவின் ரப்பர்த் தோட்டப்புறத்தைப் பார்த்திருக்க வழியில்லை. பார்த்திருந்தாலும் பட்டியலில் எதையும் மாற்றியிருக்க மாட்டார். விடியலுக்கு முன் தலைவிளக்கோடு பால்வெட்டப் போனவருக்கு முதல் இரண்டும் நாள்தோறும் உடன் வந்தன. அதனால்தான் ரப்பர் மர நிரையின் எல்லையில், பெருமரத்தடியில், ஒரு கல்லும் சூலமுமாகக் காவல் தெய்வம் முனியாண்டி எழுந்தார். தத்துவ நூல்கள் இதைக் கணக்கில் எடுப்பதில்லை. ஆனால் அச்சத்துக்கு ஒரு முகம் கொடுத்து, அதை எல்லைக்காவலாக வேலைக்கு வைத்துக்கொண்டது சாதாரண யோசனை அன்று. மூன்றாவது அச்சம், மலாயாவில் அவசரகாலம் நடந்த 1948 முதல் 1960 வரை, கம்யூனிஸ்ட்டுகள், அரசுப் படை என இரண்டு பக்கத்திலிருந்தும் துப்பாக்கியோடு வந்தது.

நான்காவதுதான் கடுமையானது. தம் இறை என்றால் அரசன். தோட்டத்தில் அது துரை, அவருக்குக் கீழே கிராணி, கங்காணி. துரை எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டியிருந்தது. இந்த வழக்கம் ஒழிய வேண்டும் என்பது 1941 கிள்ளான் வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளுள் ஒன்று. சம்பள உயர்வு கேட்டவர்கள் அதே தாளில் இதையும் எழுதினார்கள் என்றால் அந்த அச்சம் எவ்வளவு ஆழத்தில் இறங்கியிருந்திருக்க வேண்டும்!

அச்சத்தைத் தணிக்கும் வழிகளில் என்னை மிகவும் ஈர்ப்பது பாலி நூல்களில் மச்சிம நிகாயத்தின் நான்காம் சூத்திரம் சொல்லும் வழி. புத்தர் ஞானம் பெறுவதற்கு முந்திய காலம். மக்கள் நடுங்கும் வனக்கோயில்களுக்கு, அதற்கென்றே தேர்ந்தெடுத்த இரவுகளில், தனியே போகிறார். மான் ஒன்று நெருங்கி வருகிறது; மயில் ஒரு சுள்ளியை முறிக்கிறது; காற்று சருகை அசைக்கிறது. வந்துவிட்டது பயம் என்று மனம் சொல்கிறது. நடந்துகொண்டிருந்தபோது பயம் வந்தால், அது அடங்கும் வரை அவர் நிற்கவுமில்லை, உட்காரவுமில்லை, நடந்துகொண்டே இருந்தார். நின்றிருந்தபோது வந்தால் நின்றபடியே. எதிர்வாதமும் இல்லை, மந்திரமும் இல்லை. பயம் வந்ததற்காக உடம்பின் நிலையை மாற்றிக்கொள்ள மறுத்தார், அவ்வளவே. பிள்ளைகளைத் தேர்வுக்கு அனுப்பும் பெற்றோர் இதைப் படித்தால் நல்லது.

உபநிடதத்தின் வழி வேறு. பிருகதாரண்யகத்தில், முதலில் தனியாக இருந்த ஒருவனுக்கு அச்சம் வருகிறது. என்னைத் தவிர வேறொன்றும் இல்லையே, பிறகு எதற்கு அஞ்சுகிறேன் என்று யோசிக்கிறான், அச்சம் போய்விடுகிறது. இரண்டாவது ஒன்று இருந்தால்தான் அச்சம் என்பது முடிவு. வாதத்தில் ஓட்டை கிடையாது. ஆனால் மாதக் கடைசியில் வீட்டு வாடகை கேட்டு வருபவர் இரண்டாமவர்தானே?

சைவம் அச்சத்தை இடம் மாற்றியது. பல்லவ மன்னன் நீற்றறையில் அடைத்தான், யானையை ஏவினான், கல்லில் கட்டிக் கடலில் போட்டான் என்று சொல்லப்படும் அப்பர், தாம் யாருக்கும் குடியில்லை, எமனுக்கும் அஞ்சுவதில்லை என்று பாடினார். தொல்காப்பியரின் நான்காவது அச்சத்துக்கு நேர் மறுப்பு அது. மாணிக்கவாசகர் இன்னும் நுட்பமானவர். திருவாசகத்தின் அச்சப்பத்தில் பாம்புக்கு அஞ்சவில்லை, பொய்யர் பேச்சுக்கு அஞ்சவில்லை என்று அடுக்கிக்கொண்டே போய், ஒவ்வொரு பாட்டின் முடிவிலும் அன்பில்லாதவரையும் இறைவனை அறியாதவரையும் கண்டால் அஞ்சுவதாகச் சொல்கிறார். அச்சமே இல்லாத மனிதராகத் தம்மைக் காட்டிக்கொள்ள அவருக்கு விருப்பமில்லை. அஞ்சத் தக்கது எது என்பதைத்தான் அவர் திருத்துகிறார். கெடாவின் மலாய் அண்டை வீட்டாருக்கு அணுக்கமான இமாம் கஸாலியும் (1058–1111) அச்சத்தையும் நம்பிக்கையையும் இரட்டைச் சிறகாகவே வைத்தார்.

கிரேக்கத்தில் எபிகூரஸ் (கி.மு. 341–270) கடவுளையும் மரணத்தையும் பற்றிய அச்சங்களே மற்றவற்றைப் பெருக்குகின்றன என்று கருதினார். நாம் இருக்கும்போது மரணம் இல்லை, மரணம் வரும்போது நாம் இல்லை என்பது அவர் வாதம். அவருடைய போதனையை நான்கு வரியில் சுருக்கும் ‘நாற்பகுதி மருந்தை’ நமக்குக் காப்பாற்றித் தந்தவற்றுள் ஒன்று, கி.பி. 79இல் வெசூவியஸ் எரிமலை புதைத்த ஊரின் கருகிய சுருள். அச்சத்துக்கு மருந்தை எரிமலை பத்திரப்படுத்தியிருப்பது வேடிக்கைதான். 1929 கடைசியில் பினாங்கில் வந்திறங்கிய பெரியார் மலாயாத் தமிழரிடம் பேசியதும் இதற்குத் தொலைவானதல்ல: பேய்க்கும் சாமிக்கும் அஞ்சுகிறவன் மனிதனுக்கும் அஞ்சுவான். ஆனால் அந்தப் பிரசாரம் முனியாண்டியின் கல்லை வெறும் மூடநம்பிக்கை என்று ஒதுக்கிய இடத்தில், கருக்கலில் காட்டுக்குள் நுழைகிறவருக்குப் பதிலாக எதைக் கொடுத்தது என்று கேட்கத் தோன்றுகிறது.

மரபை எடைபோட எனக்குக் கிடைத்த அளவுகோல் வள்ளுவருடையது. அறிவுடைமை அதிகாரத்தில், அஞ்ச வேண்டியதற்கு அஞ்சாதிருப்பதைப் பேதைமை என்கிறார். அவ்வாறு அஞ்சுவதை அறிவாளிகளின் தொழிலாக வைக்கிறார். அரிஸ்டாட்டிலும் அச்சம்தான் மனிதரை ஆலோசிக்க வைக்கிறது என்றார். பாரதி புதிய ஆத்திசூடியில் அச்சத்தை விடச் சொல்லித் தொடங்கியது அடிமை நாட்டுக்குத் தேவையான வெடி. அதை எல்லா நாளைக்குமான விதியாக எடுத்துக்கொண்டால் ஆபத்து.

2004 டிசம்பர் 26 அதைக் காட்டியது. சுமத்ராவுக்கு அப்பால் நிலம் அதிர்ந்து ஏறத்தாழ நான்கு மணி நேரத்தில் ஆழிப்பேரலை கோத்தா கோலா மூடா மீனவர் வீடுகளுக்குள் புகுந்தது. மலேசியாவில் 68 பேர் இறந்தனர். உடைந்த படகுகளை அடுக்கிய நினைவுச்சின்னம் இன்றும் ஊரில் நிற்கிறது. பல நாட்டுக் கரைகளில் கடல் உள்வாங்கியதும் மீன் பொறுக்கவும் வேடிக்கை பார்க்கவும் மக்கள் இறங்கிப்போனார்கள். நிலநடுக்க மையத்துக்கு மிக அருகில் இருந்த சிமெலு தீவிலோ, 1907இன் பேரலையைப் பாட்டாகவும் கதையாகவும் ‘ஸ்மோங்’ என்ற பேரில் பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்த்திருந்தார்கள். நிலம் ஆடியதும் குன்றேறிவிட்டார்கள். ஏறத்தாழ 78,000 பேரில் இறந்தவர் ஏழு பேர். அச்சத்தைத் துடைக்காமல், அறிவாக்கிப் பேரப்பிள்ளை வரை கைமாற்றிய மரபு அது. புக்கிட் மெரியாம் கல்லை வெட்டுவித்தவர்களுக்கு அது விளங்கியிருக்கும்.

ஒரு குறையையும் சொல்ல வேண்டும். மேலே கண்டவர்களில் பெரும்பாலோர் தனிமனிதனிடம் பேசுகிறார்கள். காட்டில் ஒருவன், நீற்றறையில் ஒருவன், மரணப் படுக்கையில் ஒருவன். இரண்டாமவர் இருந்தால் அச்சம் என்றது உபநிடதம். ரப்பர்த் தோட்டத்திலோ துணைக்கு இரண்டாமவர் வந்தபோதுதான் அச்சம் குறைந்தது. தனிமனிதனிடம் மட்டும் பேசும் இந்தக் குறைக்கு எபிகூரஸ் விலக்கு. நட்பைவிடப் பெரிய பாதுகாப்பு இல்லை என்று நம்பி, பெண்களையும் அடிமைகளையும் சேர்த்துக்கொண்டு தோட்டம் ஒன்றில் பள்ளி நடத்தினார். பீடோங் பக்கம் ஹார்வர்ட் தோட்டத்தில் 1946இல் ஏ. எம். சாமி தொடங்கிய தொண்டர் படையின் தோட்டம் வேறு மாதிரி. கள்ளுக்கடையை மூடச் சொல்லி மறியல் செய்தார்கள், வரிசையாக அணிவகுத்து நடந்தார்கள். அடுத்த ஆண்டு காவல்துறையோடு மோதல் வந்தது, கைதுகள் நடந்தன, படை கலைந்தது. ஆயினும் விடியலில் ஆள்கணக்கு எடுக்கும் பெரட்டுக் களத்தில் தலைகுனிந்து நின்று பழகியவர்கள் அந்தச் சில மாதங்கள் துரையின் பங்களா வழியாகவே நிமிர்ந்து நடந்துபோனார்கள்.