எந்தத் தோட்டா, எவ்வளவு மருந்து: கருமருந்து சிலுவெட் மரபின் பாணிகள்

நியூ மெக்சிகோ மாநிலத்தில் ராட்டன் ஊருக்கு வெளியே, கடல்மட்டத்திலிருந்து 6,000 அடிக்கு மேலான உயரத்தில், விட்டிங்டன் மையம் என்ற பரந்த சுடுகளம் இருக்கிறது. அமெரிக்காவின் நேஷனல் ரைஃபிள் அசோசியேஷன் 1985-இல் கருமருந்துத் தோட்டா ரைஃபிள்களுக்கென்று தனியாக ஒரு சிலுவெட் சாம்பியன் போட்டியை அங்கே தொடங்கியது. 200 மீட்டரில் கோழி, 300 மீட்டரில் காட்டுப்பன்றி, 385 மீட்டரில் வான்கோழி, 500 மீட்டரில் செம்மறிக்கடா, எல்லாம் எஃகுத் தகட்டில் வெட்டிய உருவங்கள். கோழியை நின்றபடி, எந்தத் தாங்கலும் இல்லாமல் சுட வேண்டும். மற்ற மூன்றுக்கும் குறுக்குக் கம்புகளின் மேல் குழலைச் சாய்த்துக்கொள்ளலாம். குண்டு பட்டால் மட்டும் போதாது, உருவம் பீடத்தைவிட்டு விழுந்தால்தான் மதிப்பெண்.

உருவங்களைச் சுடும் இந்த ஆட்டம் மெக்சிகோவில் பிறந்தது. உயிருள்ள பிராணிகளைக் கட்டிவைத்துச் சுட்ட பழைய வழக்கத்தின் இடத்தில், 1948-இல் அங்கே எஃகு உருவங்கள் வந்தன. எல்லை தாண்டி அமெரிக்காவுக்குள் நுழைந்தபோது அது நவீன ரைஃபிள்களின் ஆட்டமாக இருந்தது. அதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கருவிகளோடு இணைத்தது ராட்டன். விதிகள் எளியவை, ஆனால் கறாரானவை. 1896-க்கு முந்திய அமெரிக்க வடிவமைப்பில், சுத்தியல் வெளியே தெரியும் ஒற்றைக் குண்டு ரைஃபிள்தான் செல்லும். எடை 12 பவுண்டு 2 அவுன்ஸைத் தாண்டக் கூடாது. குண்டு ஈயக் கலவையாக இருக்க வேண்டும், செம்பு உறை கூடாது. ஷார்ப்ஸ், ரெமிங்டன் ரோலிங் பிளாக், வின்செஸ்டர் ஹை வால் மூன்றையும்தான் களத்தில் அதிகம் பார்க்கலாம். ஷார்ப்ஸ் கம்பெனி 1881-லேயே மூடப்பட்டுவிட்டது. இன்றைய ஷார்ப்ஸ் ரைஃபிள்களில் பெயர்பெற்றவை மொன்டானாவின் பிக் டிம்பர் என்ற சின்ன ஊரில் தயாராகின்றன.

ரைஃபிளைத் தேர்வது பெரும்பாலும் விருப்பம் சார்ந்தது. தோட்டாவைத் தேர்வதில்தான் பாணிகள் பிரிகின்றன.

நடுவில் நிற்பது .45-70. அமெரிக்க ராணுவம் 1873-இல் ஏற்றுக்கொண்ட தோட்டா இது. முதல் எண் குண்டின் விட்டம், அங்குலத்தில் நூற்றுக்கூறாக. இரண்டாவது, கூட்டில் இட்ட கருமருந்தின் எடை, கிரெயினில். 7,000 கிரெயின் சேர்ந்தால் ஒரு பவுண்டு. தொடக்கத்தில் இதற்கு 405 கிரெயின் குண்டு. 1879-இல் சாண்டி ஹூக்கில் ராணுவம் நடத்திய நெடுந்தூரச் சோதனைகளில் 500 கிரெயின் குண்டே மேல் என்று தெரிந்தது. இன்றைய சிலுவெட் சுடுநர் இந்தத் தோட்டாவில் 500 முதல் 540 கிரெயின் வரையிலான நீண்ட குண்டுகளையே வைக்கிறார். 500 மீட்டரில் கனத்த கடாவைத் தள்ளிவிடும் உந்தம் அதற்கு உண்டு.

இதற்கு எதிரே .40 பாணி. அதில் முதன்மையானது .40-65 வின்செஸ்டர். 1887-இல் மான் வேட்டைக்காக வந்த தோட்டா அது. அப்போது அதன் குண்டு 260 கிரெயின்தான். நூறாண்டு கழித்து சிலுவெட் சுடுநர்கள் அதில் 400 கிரெயினுக்குக் குறையாத குண்டை ஏற்றி அதற்கு வேறொரு வாழ்க்கை கொடுத்தார்கள். .45-70-இன் பித்தளைக் கூட்டையே ஒடுக்கினால் இதன் கூடு கிடைத்துவிடும் என்பதும் அது பரவ ஒரு காரணம். தோளில் விழும் அடி குறைவு. 40 குண்டுப் போட்டியும் அதற்கு முன் குறி சரிபார்க்கும் குண்டுகளும் சேர்ந்தால், பிற்பகலில் அந்த வித்தியாசம் தோளில் மட்டுமல்ல, விசை இழுக்கும் விரலிலும் தெரியும். ஆனால் .40 பாணிக்காரர்களை வருத்தும் காட்சி ஒன்று உண்டு. கடாவின் உடலோரத்தில் குண்டு பட்டு மணியோசை எழும்பும், கடா அசைந்துவிட்டு அப்படியே நிற்கும். அந்தப் புள்ளி போனதுதான்.

மூன்றாவது, பெருங்கூட்டுப் பாணி. .45-70-இன் கூடு 2.1 அங்குலம். .45-90 என்பது 2.4 அங்குலம், .45-110 என்பது 2⅞ அங்குலம். 1990-இல் வந்த ‘குவிக்லி டவுன் அண்டர்’ படத்தில் டாம் செல்லெக் ஏந்திய ஷார்ப்ஸ் .45-110. அந்தப் படம் பார்த்து இந்த மரபுக்குள் வந்தவர்கள் பலர். அந்தக் கவர்ச்சியை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் சிலுவெட்டுக்குப் பெரிய கூடு வேண்டியதில்லை என்பது என் உறுதியான முடிவு. காரணம் தோள்வலி மட்டுமல்ல, காற்றும்தான்.

கருமருந்துக் குண்டு நொடிக்கு ஏறத்தாழ 1,150 முதல் 1,300 அடி வேகத்தில் குழலைவிட்டுக் கிளம்புகிறது. ஒலியின் வேகம் நொடிக்கு 1,100 அடிக்குச் சற்று மேல். ஆக இந்தக் குண்டுகள் ஒலிவேகத்தின் வாசலிலேயே பறக்கின்றன. குறுக்குக் காற்று குண்டை எவ்வளவு தள்ளும் என்பதைப் பறக்கும் நேரம் மட்டும் தீர்மானிப்பதில்லை. காற்றே இல்லாத வெற்றிடத்தில் எடுத்திருக்கும் நேரத்தைவிட எவ்வளவு தாமதமாகிறது என்பதுதான் கணக்கு. ஒலிவேகத்தைத் தாண்டும் இடத்தில் காற்றின் எதிர்ப்பு திடீரென்று ஏறுகிறது. அங்கே கூடுதல் மருந்திட்டுப் பெற்ற வேகத்தின் பெரும்பகுதியைக் காற்று உடனே பறித்துக்கொள்கிறது. தாமதம் குறைவதில்லை, சில வேளைகளில் கூடவும் செய்கிறது. கூட்டை நீட்டிப் பெறும் வேகம் பார்வைமானியின் அளவைக் கொஞ்சம் இறக்குமே தவிர, காற்றுக்கான திருத்தத்தை லேசாக்காது. காற்றை வெல்வது நீண்ட, கனத்த குண்டு. அந்த நீளத்தை நிலைப்படுத்தக் குழலின் புரியும் இறுக்கமாக இருக்க வேண்டும். பழைய ராணுவக் குழலில் 22 அங்குலத்துக்கு ஒரு சுற்று. இன்றைய .45 குழல்களில் வழக்கம் 18 அங்குலத்துக்கு ஒரு சுற்று, .40-இல் 16.

குண்டிலும் இரண்டு பாணிகள். ஒன்று, உடலில் வரிப்பள்ளங்கள் வெட்டி அவற்றில் மெழுகுக் கலவை நிரப்பிய குண்டு. மற்றது, மெல்லிய பருத்திக் காகிதத்தை இரண்டு சுற்று சுற்றிய வழவழப்பான குண்டு. காகிதக் குண்டின் பரம்பரை பெரியது. 1874 செப்டம்பரில் லாங் ஐலண்டின் கிரீட்மூர் களத்தில் 800, 900, 1,000 கஜத்தில் அயர்லாந்து அணியும் அமெரிக்க அணியும் மோதின. அயர்லாந்துக்காரர்கள் ரிக்பி செய்த, வாய்வழி மருந்திடும் ரைஃபிள்களைக் கொண்டுவந்தார்கள். அமெரிக்கர்கள் கையில் பின்வழித் தோட்டாவிடும் ரெமிங்டனும் ஷார்ப்ஸும். 934-க்கு 931 என்று மூன்றே புள்ளியில் அமெரிக்கா வென்றது. நெடுந்தூரத்தில் தோட்டா ரைஃபிளுக்கு மதிப்பு வந்தது அன்றுதான். கிரீட்மூர் வழியில் இன்றும் 1,000 கஜம் சுடுபவர்கள் காகிதக் குண்டைக் கொண்டாடுவது நியாயமே. ஆனால் அது ஒவ்வொரு குண்டுக்கும் சுத்தமான குழலைக் கேட்கும். சிலுவெட்டில் நேரம் கட்டுப்பட்டது, வரிசையில் ஐந்து உருவங்கள் காத்து நிற்கின்றன. அதனால்தான் இந்தக் களத்தில் மெழுகுக் குண்டே ஆள்கிறது.

அந்த மெழுகின் வேலை பலர் நினைப்பதைவிடப் பெரியது. கருமருந்து எரிந்தால் அதன் எடையில் பாதிக்கு மேல் திடக் கசடாகவும் புகையாகவும் மிஞ்சும். கசடு உலர்ந்தால் ஓடுபோல் இறுகி அடுத்த குண்டின் உடலைக் கீறிவிடும். தேன்மெழுகு கலந்த குழைவான கலவை அதை மிருதுவாக வைக்கிறது. அதோடு, சுடுநர் பின்புறத்திலிருந்து ஒரு குழாயை நுழைத்து நாலைந்து முறை மூச்சை ஊதுகிறார். மூச்சின் ஈரத்தைக் கசடு உறிஞ்சிக்கொள்கிறது. ராட்டனின் வறண்ட கோடையில் ஊதும் எண்ணிக்கையைக் கூட்டாதவருக்கு வான்கோழி வரிசை வரும்போது குறி சிதறத் தொடங்கும். குண்டின் கலவை 20 பங்கு காரீயத்துக்கு 1 பங்கு வெள்ளீயம், அல்லது 30-க்கு 1. மிக மென்மையானால் நீண்ட மூக்கு வெடிப்பின் அடியில் சரிந்துவிடும்.

மருந்தைப் பற்றிப் பேசுகையில் ஒன்றை முதலில் சொல்லியாக வேண்டும். இந்தக் கூடுகளில் கருமருந்தை அளந்த அளவில் புகையற்ற மருந்தை இட்டால் ரைஃபிளே வெடிக்கும். கருமருந்துக்கு வேறொரு நியதி. மருந்துக்கும் குண்டுக்கும் நடுவே வெற்றிடம் இருக்கக் கூடாது. இரண்டடிக்கு மேல் நீளமுள்ள குழாய் வழியே மருந்தை மெல்லச் சொரிந்தால் மணிகள் நெருங்கி அமர்கின்றன. அதன்மேல் ஒரு வில்லையை வைத்து, அச்சால் அழுத்தி, குண்டு உட்காரும் ஆழத்தைச் சரிசெய்கிறார்கள். எவ்வளவு அழுத்துவது என்பது மருந்துக்கு மருந்து மாறும். அமெரிக்க கோயெக்ஸ் மருந்து நல்ல அழுத்தத்தை விரும்பும். சுவிட்சர்லாந்தின் ஓபோனில் தயாராகும் சுவிஸ் மருந்து வலுவானது, லேசாக அழுத்தினாலே போதும். .45-70 என்று பெயரிருந்தும், தடித்த இன்றைய பித்தளைக் கூட்டில் நீண்ட குண்டும் வில்லையும் போக 70 கிரெயின் மருந்துக்குப் பெரும்பாலும் இடமிருக்காது. அதைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை.

நல்ல தோட்டாவுக்கு இந்த மரபு வைத்திருக்கும் அளவுகோல் வேகமல்ல, ஒருமை. வேகம் நூற்றுக்கு ஒரு பங்கு மாறினாலே 500 மீட்டரில் குண்டு சில அங்குலம் ஏறும் அல்லது இறங்கும். தேர்ந்தவர்கள் கூட்டின் எடையைப் பிரிப்பதும், வீரியம் குறைந்த பிரைமரைத் தேடுவதும், குண்டை ஒவ்வொன்றாகத் தராசில் வைப்பதும் இதற்காகத்தான். அச்சில் வார்த்த குண்டில் ஒரு காற்றுக்குமிழி ஒளிந்திருந்தால் தராசுதான் சொல்லும். புதிதாக வருகிறவர் .45-70, 18 அங்குலப் புரி, 520 கிரெயினை ஒட்டிய மெழுகுக் குண்டு, ஒரே வகை மருந்து என்று தொடங்கி, ஒரு முழுப் பருவம் எதையும் மாற்றாமல் சுடட்டும் என்பேன். தோள் தாங்காதவர் .40-65-க்குப் போகட்டும். கடா சில நிற்கும், கோழி சில கூடுதலாக விழும், கணக்கு ஏறத்தாழ நேராகிவிடும்.

மருந்து மட்டும் நம் கையில் இல்லை. லூசியானாவில் இயங்கிய கோயெக்ஸ் ஆலையை அதன் உரிமையாளர்கள் 2021-இல் நிறுத்தினார்கள். அமெரிக்காவில் இந்த விளையாட்டுக்கான கருமருந்து தயாரிப்பே நின்றுபோகுமோ என்று சுடுநர்கள் அஞ்சினார்கள். 2022-இல் எஸ்டிஸ் நிறுவனம் அதை வாங்கித் தொடர்ந்தது. பெயர் அதேதான், ஆனால் புதுத் தொகுதி மருந்து வந்தால் அழுத்தத்தையும் அளவையும் 200 மீட்டரிலிருந்து மறுபடி சோதித்துத்தான் ஆகவேண்டும். அதனால் ஒரு பருவத்துக்கு வேண்டிய மருந்தை ஒரே தொகுதி எண்ணில் வாங்கிவைப்பது இவர்களின் வழக்கம்.