வீகார்வ் காட்டும் கோணாத மரம்

பொழுதுபோக்காக சி.என்.சி. ராட்டரில் மரம் செதுக்க ஆசைப்படுபவர் முதலில் மெஷினுக்குத்தான் விலை கேட்கிறார். பழக வேண்டியது மென்பொருள். அதற்கு மெஷினே வேண்டாம். வெக்ட்ரிக் நிறுவனத்தின் ‘வீகார்வ் டெஸ்க்டாப்’ இங்கேதான் கைகொடுக்கிறது. விண்டோஸில் மட்டும் ஓடும், 25 அங்குலச் சதுரத்துக்குள் வேலை, ஒருமுறை காசு கட்டினால் போதும் என்பதெல்லாம் தெரிந்த சங்கதி. விஷயம் அதன் பிரிவியூவில் இருக்கிறது. பிட்டின் கோணத்தையும் பலகையின் கனத்தையும் சொல்லிவிட்டால், வெட்டி முடித்த பலகையைத் திரையிலேயே காட்டிவிடும். சென்னை மூலக்கொத்தளத்தின் நெருக்கமான குடியிருப்புகளில் ராட்டரின் இரைச்சலையும் மரத்தூளையும் எந்தப் பக்கத்து வீட்டார் பொறுப்பார்கள்? லேப்டாப் யாரையும் தொந்தரவு செய்யாது.

முதல் பாடமாகத் தமிழ்ப் பெயர்ப்பலகையை எடுத்துக்கொள்வதே நல்லது. எழுத்தை இங்க்ஸ்கேப்பில் அடித்து, பாதையாக மாற்றி, ஒன்றின்மேல் ஒன்று ஏறிய கோடுகளை ‘யூனியன்’ கொடுத்து இணைத்து, எஸ்.வி.ஜி.யாகக் கொண்டுவந்தால் கொம்பும் காலும் இடம் மாறாது. பிறகுதான் வேடிக்கை. வீ பிட் கோட்டின் அகலத்துக்கேற்ப ஆழம் போகும்: 60 டிகிரி பிட்டுக்கு 10 மி.மீ. அகலக் கோடு என்றால் 8.66 மி.மீ. ஆழம், 90 டிகிரி என்றால் 5 மி.மீ.தான். சினிமா போஸ்டர் பாணித் தடித்த எழுத்தில் கோடு 20 மி.மீ. அகலம் இருந்தால், 60 டிகிரி பிட் 17 மி.மீ.க்கு மேல் இறங்கப் பார்க்கும். பலகையோ 12 மி.மீ. ஆழத்துக்கு வரம்பு வைக்கும் ‘ஃபிளாட் டெப்த்’ எதற்கு என்பது அப்போது தானாகப் புரியும். தேக்கு வீணாகாமல் கிடைக்கிற பாடம் இது.

ஆனால் பிரிவியூவில் மரம் ஒருபோதும் கோணாது. வால்டாக்ஸ் ரோட்டு மரக்கடையில் வாங்கிய துண்டு ஐப்பசி மழை ஈரத்தில் அரை மி.மீ. வளைந்தாலே போதும், 90 டிகிரி பிட்டில் கோட்டின் அகலம் 1 மி.மீ. கூடும் அல்லது குறையும். மெல்லிய கோடும் சின்னப் புள்ளியும் பாதியாகிவிடும். மேல்பரப்பை முதலில் சீவிவிட்டால் தீர்ந்ததே என்பார்கள். தீரும்தான். ஆனால் புதிதாகப் பழகுபவருக்கு அதை யார் சொல்வது? திரை சொல்வதில்லை. வெட்டு தொடங்கும் ஆழமான ‘ஸ்டார்ட் டெப்த்’தில் 0.5 போட்டுப் பார்த்தால், மேடான பக்கத்தில் எழுத்து எவ்வளவு தடிக்கும் என்பதாவது தெரியும்.

ஆட்டோடெஸ்கின் ஃபியூஷன் மென்பொருள் இலவசமாகக் கிடைக்கையில் இதற்கு ஏன் செலவு என்று கேட்கலாம். ஃபியூஷனிலும் சிமுலேஷன் உண்டு. அளவு பிசகாத பாகம் செய்ய அதுவே சரி. ஆனால் தனிநபர் உரிமத்தில் ஒரே நேரத்தில் 10 கோப்புகளைத்தான் திருத்தலாம், வெட்டாத நகர்வும் ஆமை வேகத்தில் போகும். பெயர்ப்பலகைக்கு அத்தனை பெரிய கடல் தேவையில்லை. பழைய செதுக்கு மென்பொருளான ஆர்ட்கேமைச் சொல்பவர்களுக்கு: ஆட்டோடெஸ்க் அதை 2018-லேயே கைவிட்டுவிட்டது, வாரிசு கார்வ்கோ. கிராக் செய்த பழைய ஆர்ட்கேமில் சாமி உருவ ரிலீஃப் கோப்பைத் திறந்து வெட்டுவது டிசைன் பழகுவதாகாது.

வீகார்வின் சோதனைப் பதிப்பு சொந்த வடிவத்தின் டூல்பாத்தை, அதாவது வெட்டும் பாதையை, சேமிக்க விடாது, மாதிரிக் கோப்புகளுக்கு மட்டுமே விடும். எரிச்சல்தான். ஆனாலும் பிரிவியூ முழுதாக வேலை செய்கிறது; ஆழக் கணக்கு கைவரும்வரை அதுவே போதும், பணம் கட்ட அவசரமில்லை.