எந்தக் கடவுள்னு போட்டிருக்கா?

2012 ஜூலை 5-ம் தேதி காலை. பெரம்பலூரில் அரியலூர் பஸ்ஸுக்குக் காத்திருந்த நேரத்தில் ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். கடையின் ஒரே தினசரி நான்காகப் பிரிந்து நான்கு பேர் கையில். முதல் பக்கம் கிடைத்த அதிர்ஷ்டசாலி உரக்கப் படித்தார்: ‘கடவுள் துகளைக் கண்டுபிடிச்சிட்டாங்களாம்.’

டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் நிமிராமல் கேட்டார்: ‘‘எந்தக் கடவுள்னு போட்டிருக்கா?’’

எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான். அரியலூர் போய்ச் சேர்வதற்குள் அது ஜோக் இல்லை என்று தோன்றிவிட்டது. அந்த வாரம் தமிழில் வந்த கட்டுரைகளில் பாதி, இந்தக் கேள்விக்குத்தான் தெரிந்தோ தெரியாமலோ பதில் சொல்லிக்கொண்டிருந்தன. கடவுள் உண்டு என்று நிரூபணமாகிவிட்டது என்றார்கள் சிலர். இல்லை என்று நிரூபணமாகிவிட்டது என்றார்கள் வேறு சிலர். ஜெனீவாவில் இருந்தவர்களுக்கு இரண்டுமே உத்தேசமில்லை.

பெயரில்தான் வில்லங்கம். லியோன் லெடர்மன் என்ற அமெரிக்க இயற்பியலாளர், நோபல் வாங்கியவர், 1993-ல் எழுதிய புத்தகத்துக்கு ‘காட் பார்ட்டிக்கிள்’ என்று தலைப்பு வைத்தார். எவ்வளவு தேடியும் சிக்காத சனியனை ‘காட்டேம் பார்ட்டிக்கிள்’, அதாவது பாழாய்ப்போன துகள் என்று திட்டத்தான் நினைத்ததாகவும், பதிப்பாளர் ஒப்பவில்லை என்றும் அவரே எழுதியிருக்கிறார். ஆக, வசவாகப் பிறந்து, பாதி வெட்டுப்பட்டு, தமிழுக்கு வரும்போது பக்தியாகிவிட்டது. ‘பாழாய்ப்போன துகள் கிடைத்தது’ என்று தலைப்பு போட்டிருந்தால் டீக்கடைக்காரர் வேறு கேள்வி கேட்டிருப்பார். ‘அதை ஏன் தேடினாங்க?’ என்று கேட்டிருக்கக்கூடும். அதுதான் சரியான கேள்வி.

துகளுக்குப் பெயர் கொடுத்த பீட்டர் ஹிக்ஸுக்கே இந்தச் செல்லப்பெயர் பிடிக்காது. அவர் கடவுள் நம்பிக்கை இல்லாதவர். ஆனால் நம்பிக்கை உள்ளவர்கள் மனம் புண்படுமே என்று சங்கடப்பட்டார். 1964-ல் காகிதத்தில் எழுதியது 48 வருஷம் கழித்து உறுதியானபோது, அரங்கில் உட்கார்ந்து கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். 2013-ல் பிரான்ஸ்வா எங்லேருடன் நோபல். 2024 ஏப்ரலில், 94 வயதில் காலமானபோதும் நம் அஞ்சலிச் செய்திகள் ‘கடவுள் துகள் விஞ்ஞானி’ என்றே வழியனுப்பின.

சரி, பெயர் போகட்டும். விளக்கம்? ‘பிரபஞ்சத்தில் உள்ள அனைத்துக்கும் எடை கொடுப்பது இதுதான்’ என்று எல்லோரும் எழுதினார்கள். நானும் ஒரு கல்லூரியில் அப்படிப் பேசிக் கைத்தட்டல் வாங்கியிருக்கிறேன். தப்பு. எலெக்ட்ரான், குவார்க் போன்ற அடிப்படைத் துகள்களுக்குத்தான் ஹிக்ஸ் புலம் நிறையைத் தருகிறது. புரோட்டானின் நிறையில் பெரும்பகுதி, உள்ளே குவார்க்குகளைக் கட்டிப்போட்டிருக்கும் விசையின் ஆற்றலிலிருந்து வருகிறது. நம் உடம்பு எடையில் ஹிக்ஸின் பங்கு சுமார் ஒரு சதவிகிதம். அந்த ஒன்றும் இல்லாவிட்டால் அணுவே நிற்காது என்பது வேறு விஷயம். அதைச் சொல்ல இன்னும் இரண்டு பத்தி வேண்டும். தலைப்புக்கு அவ்வளவு பொறுமை கிடையாது.

தலைப்பினால் என்ன கெட்டுவிடும் என்று கேட்பவர்கள் 2008 செப்டம்பரை நினைத்துப் பார்க்கவேண்டும். ஜெனீவா அருகே, சராசரியாக நூறு மீட்டர் ஆழத்தில், 27 கிலோமீட்டர் சுற்றளவுள்ள வளையத்தில் முதல்முறையாகப் புரோட்டான் கற்றையை ஓடவிடும் நாள் செப்டம்பர் 10. சில டெலிவிஷன் சேனல்கள் அதற்கு முன்பே உலகத்துக்குத் தேதி குறித்துவிட்டன. கருந்துளை உண்டாகும், பூமியை விழுங்கும், கவுன்ட் டவுன், பயங்கர மியூசிக். அதைப் பார்த்து மிரண்ட பதினாறு வயதுப் பெண் ஒருத்தி மத்தியப் பிரதேசத்தில் உயிரை விட்டாள் என்று செய்தி வந்தது. அந்த நாளில் புரோட்டான்கள் மோதக்கூட இல்லை. ஒரு திசையில் ஒன்று, மறு திசையில் ஒன்று என்று சுற்றிவந்தன, அவ்வளவுதான். ஒன்பதாம் நாள் ஒரு மின் இணைப்பு பழுதாகி டன் கணக்கில் ஹீலியம் கசிந்து, யந்திரம் ஒரு வருஷத்துக்கு மேல் படுத்துக்கொண்டது. அதைச் சொல்ல எந்தச் சேனலும் கவுன்ட் டவுன் போடவில்லை.

பயந்தவர்களைக் கேலி செய்ய எனக்கு மனசு வரவில்லை. வெளிநாட்டிலும் பயந்தார்கள்; ஹவாயில் கோர்ட்டுக்கே போனார்கள், வழக்கு தள்ளுபடியானது. பயத்துக்கு ஒரு எளிய பதில் இருந்தது. இதைவிடப் பலமான மோதல்களைக் காஸ்மிக் கதிர்கள் நம் வானத்தில் கோடிக்கணக்கான வருஷங்களாகத் தினமும் நடத்துகின்றன. பூமி இருக்கிறது, நிலாவும் இருக்கிறது. இந்த ஒரு வாக்கியத்தை அந்தப் பெண்ணின் மொழியில், அவள் பார்த்த சேனலில் யாராவது சொல்லியிருக்கலாம்.

பயத்துக்கு எதிர்ப்பக்கம் பெருமை. அதுவும் ஒரு ரகளை. போஸானில் உள்ள போஸ் நம்மாள். 1924-ல் டாக்காவிலிருந்து ஐன்ஸ்டைனுக்குக் கட்டுரை அனுப்பிய சத்யேந்திரநாத் போஸ். அவருக்கு நோபல் தரவில்லை என்ற ஆதங்கம் நியாயம்தான். ஆனால் 2012-ல் அதைக் கிளப்பியவர்கள் போஸ் என்ன செய்தார் என்று ஒரு வரி எழுதியிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பேன். அப்புறம் நடராஜர். 2004 ஜூனில் இந்திய அரசு செர்ன் ஆய்வகத்துக்கு இரண்டு மீட்டர் உயர நடராஜர் சிலையைப் பரிசளித்தது. உடனே, ‘சோழனுக்கு அன்றைக்கே அணு ஆராய்ச்சி தெரியும்’. அரியலூர் மாவட்டத்திலேயே கங்கைகொண்ட சோழபுரம் இருக்கிறது. விமானத்தின் சுவரில் ஆடுகிறார் நடராஜர், காலடியில் காரைக்கால் அம்மையார். அரை மணி நேரம் நின்று பாருங்கள். அந்தச் சிற்பிக்கு ஜெனீவா சர்ட்டிஃபிகேட் எதுவும் தேவையில்லை.

நிஜமாகவே பெருமைப்பட வேண்டியதை யாரும் எழுதவில்லை. அந்த வளையத்தில் 15 மீட்டர் நீளம், 35 டன் எடையுள்ள காந்தங்கள் ஆயிரத்துக்கு மேல் வரிசையாக நிற்கின்றன. அவற்றைத் துல்லியமாகத் தூக்கி நிறுத்தும் ஜாக்கிகள் சுமார் ஏழாயிரம், இந்தூரில் வடிவமைத்து இந்தியாவில் செய்தவை. கடவுள் துகளைத் தாங்கிய ஜாக்கி! லாரி ஷெட்டுகள் நிறைந்த பெரம்பலூரில் இதைவிட நன்றாகப் புரியக்கூடிய செய்தி வேறு உண்டா?

இனி வருவதுதான் கொஞ்சம் சிக்கல்.

தேனி மாவட்டம் பொட்டிபுரத்தில் மலையைக் குடைந்து நியூட்ரினோ ஆய்வகம் அமைக்க 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. சுமார் 1,500 கோடி ரூபாய். 50,000 டன் காந்தமேற்றிய இரும்பு. நியூட்ரினோ யாரையும் சீண்டாத துகள். இந்தப் பத்தியைப் படிக்கும் உங்கள் கட்டைவிரல் நகத்தின் வழியே சூரியனிலிருந்து வினாடிக்குச் சுமார் 6,500 கோடி போய்க்கொண்டிருக்கின்றன. பயணத்திலேயே தன் வகையை மாற்றிக்கொள்ளும் விசித்திரமும் உண்டு. அரியலூர்க்காரர்களுக்கு இது சுலபமாகப் புரியும். அவர்கள் 1995 வரை திருச்சி, பிறகு பெரம்பலூர், 2001-ல் அரியலூர், 2002-ல் மறுபடி பெரம்பலூர், 2007-லிருந்து மறுபடி அரியலூர் மாவட்டம். வீடு அதேதான்.

பொட்டிபுரத்தில் எதிர்ப்பு கிளம்பியது. அணுக்கழிவைப் புதைக்கப் போகிறார்கள், நியூட்ரினோவால் புற்றுநோய் வரும் என்றெல்லாம் பேச்சு. இவை தவறு. இதே இந்தியா 1965-லேயே, பெருமளவு தமிழ்த் தொழிலாளர்கள் வெட்டிய கோலார் தங்கச் சுரங்கத்தின் ஆழத்தில், வளிமண்டல நியூட்ரினோவை உலகில் முதலில் கண்ட இரண்டு குழுக்களில் ஒன்றாக இருந்திருக்கிறது. அதனால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. நானும் அப்போது ‘அறியாமை’ என்று முடிவுகட்டிவிட்டேன்.

அரியலூரில் ஒரு பெரியவர்தான் என்னைத் திருத்தினார். ‘‘தம்பி, அந்தத் துகள் எங்களை ஒண்ணும் பண்ணாது, ஒத்துக்கிறேன். பாறைக்கு வெடி வெப்பாங்கள்ல? அது பண்ணும்’’ என்று தன் வீட்டுச் சுவரில் மேலிருந்து கீழே இறங்கும் விரிசலைக் காட்டினார். சிமென்ட்டுக்காகச் சுண்ணாம்புக்கல் தோண்டும் ஊர் அது. வெடிச் சத்தமும், லாரித் தூசியும், வெட்டியெடுத்தபின் அப்படியே விட்டுப்போன பள்ளங்களும் அவருக்குப் பாடப்புத்தகம். ‘‘ஒரு பாதிப்பும் வராதுன்னு எங்ககிட்டயும்தான் சொன்னாங்க’’ என்றார்.

நியூட்ரினோ பயம் வேறு, சுரங்க பயம் வேறு. இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டி, மேலே ‘மூடநம்பிக்கை’ என்று லேபிள் ஒட்டியது படித்தவர்கள் செய்த தவறு. பசுமைத் தீர்ப்பாயமே 2017-ல் சுற்றுச்சூழல் அனுமதியை நிறுத்திவைத்தது. காரணம், கேரள எல்லையிலுள்ள மதிகெட்டான் சோலை தேசியப் பூங்கா ஐந்து கிலோமீட்டருக்குள் இருப்பது. இயற்பியல் இல்லை, அடுத்த வீட்டு வேலி. 2018-ல் மறுபடி அனுமதி, 2022-ல் தமிழக அரசு அனுமதிக்க முடியாது என்று சுப்ரீம் கோர்ட்டில் மனு. விஞ்ஞானிகள் கிராமங்களுக்குப் போகாமலில்லை. போய் நியூட்ரினோவைப் பற்றி அருமையாக விளக்கினார்கள். கேட்டவர்களில் பலருக்குச் சந்தேகம் தண்ணீரைப் பற்றியும் மேய்ச்சல் நிலத்தைப் பற்றியும்.

ஆனால் ஊர்க்காரர்கள் சொல்வதெல்லாம் வேதமும் இல்லை. 2020 அக்டோபரில் பெரம்பலூர் மாவட்டம் குன்னம் அருகே மண் எடுத்தபோது உருண்டை உருண்டையாகக் கற்கள் கிடைத்தன. ‘டைனோசர் முட்டை!’ செல்போனில் செய்தி பறக்க, ஜனம் திரண்டுவிட்டது. நிபுணர்கள் பார்த்து, கடல்வாழ் அம்மோனைட்டுகளைச் சுற்றிப் படிந்து இறுகிய உருண்டைகள் என்றார்கள். பத்துக் கோடி வருஷத்துக்கு முன் அங்கே கடல் அலையடித்தது என்பது முட்டையைவிடப் பெரிய ஆச்சரியம். அதைக் கேட்டதும் கூட்டம் கலைந்துபோனது.

போன வருஷங்களில் ஒரு நாள் அரியலூர்ப் பக்கம் ஒரு பெண்கள் பள்ளியில் இதையெல்லாம் பேசினேன். ஹிக்ஸை அறிவிக்க இரண்டு தனித்தனிக் குழுக்கள் ‘ஃபைவ் சிக்மா’ வரும்வரை காத்திருந்ததைச் சொன்னேன். அப்படியொரு துகளே இல்லாதபட்சத்தில் இந்த மேடு தற்செயலாக வரும் வாய்ப்பு சுமார் 35 லட்சத்தில் ஒன்று என்று கணக்கு வந்தபின்தான் வாயைத் திறந்தார்கள். 2011-ல் நியூட்ரினோ ஒளியை முந்திவிட்டது என்று பரபரப்பாகி, கடைசியில் சரியாகச் செருகாத ஒரு கேபிள்தான் முக்கியக் காரணம் என்று தெரிந்த கதையைச் சொன்னதும் நல்ல சிரிப்பு. அவர்கள் மாவட்டத்துக் கல்லமேட்டில் கிடைத்த பிருஹத்காயோசாரஸையும் விடவில்லை. 1980-களில் அறிவித்தார்கள், பிரம்மாண்டமான டைனோசர் என்று. இல்லை, கல்லாய்ப்போன மரம் என்றார்கள் சிலர். சரிபார்க்கலாம் என்றால் எலும்புகள் பொடிந்துபோய்விட்டன. 2022-ல் பழைய போட்டோக்கள் வெளிவந்து, எலும்புதான் என்ற பக்கம் கொஞ்சம் பலப்பட்டிருக்கிறது.

ப்ளஸ் ஒன் மாணவி ஒருத்தி எழுந்தாள். ‘‘சார், அந்த ஃபைவ் சிக்மாவைக் குன்னம் முட்டைக்குப் போட முடியுமா?’’

‘‘முடியாதும்மா. அவங்ககிட்ட கோடிக்கணக்கான மோதல் இருக்கு, எண்ணிப் பார்க்கலாம். உன்கிட்ட இருக்கறது நாலஞ்சு கல்லு. ஒண்ணை வெட்டி உள்ளே என்ன இருக்குன்னு பார்க்கணும்.’’

‘‘வெட்டினப்புறம் அது நெசமாவே முட்டையா இருந்துட்டா சார்?’’

நான் யோசிப்பதற்குள் தலைமை ஆசிரியை நன்றியுரைக்கு மைக்கைக் கேட்டுவிட்டார்.