ஒரு பெட்டி, ஒரு பொத்தான்

ஜிபிடி-3 மாதிரியை 2020-லேயே நிரலர்கள் ஏபிஐ வழியாகத் தொட்டுப் பார்த்துவிட்டார்கள். ஊர் அதைப் பற்றிப் பேசியதோ 2022 நவம்பர் 30-க்குப் பிறகுதான். இடையில் மாதிரியும் தேறியிருந்தது, உண்மை; ஆனாலும் கூட்டத்தை உள்ளே இழுத்தது சாட்ஜிபிடியின் அந்த வெறும் அரட்டைப் பெட்டி. இன்று சொந்தமாக ஏஐ உதவியாளர் செய்யக் கிளம்பும் எவரும் முதலில் அதையே கட்டுவதில் வியப்பில்லை. ஸ்ட்ரீம்லிட், கிரேடியோ என்று பைத்தான் கருவிகள் இருக்கின்றன. சில பத்து வரிகளில் பக்கம் எழுந்து நிற்கும்.

நல்ல வழக்கம்தான். காலையில் எழுதியதை மாலையில் நாலு பேரிடம் கொடுத்துவிடலாம். அவர்கள் என்ன கேட்கிறார்கள், எந்த இடத்தில் சலித்துப்போகிறார்கள் என்பதெல்லாம் வடிவமைப்புக் கூட்டங்களில் ஒரு மாதம் உட்கார்ந்தாலும் கிடைக்காத பாடம். பெரிய கட்டமைப்போடு தொடங்குகிறவர்கள் இந்தப் பாடத்துக்கு வருவதற்குள் களைத்துவிடுகிறார்கள்.

சிக்கல், அரட்டை என்ற வேடம் எதை மறைக்கிறது என்பதில் இருக்கிறது. திரையில் குமிழ்கள் அடுத்தடுத்து வர, எதிரே ஒருவர் நாம் சொன்னதை நினைவில் வைத்துப் பதில் சொல்வதாகத் தோன்றும். மாதிரிக்கு அப்படி நினைவு எதுவும் கிடையாது. நாம் ஒவ்வொரு கேள்வி கேட்கும்போதும் முந்தைய உரையாடல் முழுவதும் அதோடு சேர்ந்து திரும்பப் போகிறது. ஒரு கேள்வி, அதன் பதில் இரண்டுக்குமாக 300 டோக்கன் (மாதிரி உரையை எண்ணும் சிறு அலகு) என்று வைத்துக்கொண்டால், 20-ஆவது கேள்வி 5,700 டோக்கன் பழங்கதையைச் சுமந்துகொண்டு போகும், அதற்கும் காசு. மாதிரி ஒரே தடவையில் வாங்கிக்கொள்ளும் எல்லை நெருங்கியதும் பழைய வரிகளைச் சத்தமில்லாமல் வெட்டிவிடும் பக்கங்கள் உண்டு. ‘எனக்குச் சர்க்கரை நோய்’ என்று முதல் வரியிலேயே சொன்னவருக்கு, நீண்ட பேச்சுக்குப் பிறகு பாயசக் குறிப்பு வந்து நிற்பது இப்படித்தான். வெட்டுவதில் தவறில்லை. எது வரைக்கும் வெட்டினோம் என்று திரையில் ஒரு கோடுகூடப் போடாததை நான் ஏற்க மாட்டேன். 1966-ல் ஜோசப் வைசன்பாம் வெளியிட்ட எலைசா என்ற அரட்டை நிரல், சில சொல் விதிகளை மட்டும் வைத்துக்கொண்டே ஆட்களை நம்பவைத்தது. இன்றைய மாதிரிக்குத் திறமை பன்மடங்கு கூடியிருப்பதால் வேடமும் அந்த அளவுக்குப் பொருந்திவிடுகிறது.

மாதிரியை அழைக்கத் தேவைப்படும் ஏபிஐ சாவி பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. உலாவியில் ஓடும் ஜாவாஸ்கிரிப்டில் அதை எழுதிவைத்தால், எஃப்12 விசையை அழுத்தத் தெரிந்த எவரும் எடுத்துக்கொள்ளலாம். நடுவே ஒரு சின்ன சர்வர் கட்டாயம்.

தமிழில் எழுதுகிறவர்கள் படும் பாடு தனி. பதிலைத் துண்டு துண்டாக ஓடவிடுவது இப்போது வாடிக்கை. முழுப் பதிலும் முடியும்வரை வெறித்துக்கொண்டிருப்பதைவிட அது நிச்சயம் மேல். ஆனால் யுடிஎஃப்-8 முறையில் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் என்றால் தமிழில் உயிர்மெய்க் குறி, புள்ளி உட்பட ஒவ்வொன்றுக்கும் மூன்று. துண்டு அந்த மூன்றின் நடுவே அறுந்தால், வந்ததை வந்தபடியே எழுத்தாக்கும் நிரல் கறுப்பு வைரத்துக்குள் ஒரு கேள்விக்குறியைக் காட்டும். பைட்டுகளை எழுத்தாக்கும் உலாவியின் டெக்ஸ்ட்டீகோடரில் ‘ஸ்ட்ரீம்’ என்ற விருப்பத்தை இயக்கினால் தீர்ந்தது. மிச்சப் பைட்டை அடுத்த துண்டு வரும்வரை அது பிடித்துவைத்துக்கொள்ளும். எண்டர் விசையிலும் இதே கதை. ஒலிபெயர்ப்பு முறையில் தட்டுகிறவர், விழும் பட்டியலிலிருந்து சொல்லைத் தேர எண்டரை அழுத்துவார்; பக்கமோ அதை ‘அனுப்பு’ என்று எடுத்துக்கொண்டு பாதிக் கேள்வியை அனுப்பிவிடும். சொல் இன்னும் உருவாகிக்கொண்டிருக்கிறதா என்று உலாவியே ‘இஸ்கம்போசிங்’ என்ற குறியால் சொல்கிறது; கேட்டுப் பார்த்தால் போதும். இரண்டும் ஓரிரு வரி வேலை. ஆங்கிலத்தில் ‘ஹலோ’ என்று தட்டிப் பார்த்துவிட்டுப் பக்கம் தயார் என்கிறவர் கண்ணில்தான் இரண்டும் படுவதே இல்லை.