ஊர் நிலத்தில் ஒரு பழைய மனை: வரலாற்றுப் பதிவின் பயனும் குறையும்

அமெரிக்காவில் ஊர் நிர்வாகத்துக்குச் சொந்தமான நிலத்தில் ஒரு பழைய குடியிருப்பு மனை இருந்தால், அதைக் காக்க விரும்புவோர் பெரும்பாலும் நாடுவது தேசிய வரலாற்று இடங்கள் பதிவேட்டை. 1966ஆம் ஆண்டின் வரலாற்றுப் பாதுகாப்புச் சட்டம் இதற்கு அடிப்படை. தேசியப் பூங்காச் சேவை நடத்தும் இப்பதிவேட்டில் 90,000க்கும் மேற்பட்ட பதிவுகள் உள்ளன. விண்ணப்பம் மாநில வரலாற்று அலுவலகம் வழியாகச் செல்லும். இடத்தின் வயது பொதுவாக 50 ஆண்டைக் கடந்திருக்க வேண்டும். முக்கிய நிகழ்வு, முக்கிய மனிதர், கட்டடச் சிறப்பு, மண்ணிலிருந்து வரலாற்றுச் செய்தி கிடைக்கும் வாய்ப்பு ஆகிய நான்கு அளவுகோல்களில் ஒன்றேனும் பொருந்த வேண்டும்.

இந்த நடைமுறையின் மதிப்பை உணர மாசசூசெட்ஸ் மாநிலத்தின் பிளைமவுத்தில் உள்ள பார்ட்டிங் வேஸ் என்ற இடம் நல்ல சான்று. அமெரிக்க விடுதலைப் போரில் பணியாற்றிய கேட்டோ ஹோ என்ற கறுப்பினத்தவருக்கு, மூன்று ஆண்டுக்குள் திருத்தி எடுக்க வேண்டும் என்ற நிபந்தனையுடன் சுமார் 94 ஏக்கர் நிலத்தை 1792இல் ஊர் ஒதுக்கியது. அவருடன் பிரின்ஸ் குட்வின், பிளேட்டோ டர்னர், குவாமனி ஆகியோரின் குடும்பங்களும் அங்கே வாழ்ந்தன. 1820இல் ஓய்வூதியத்துக்காகக் கேட்டோ ஹோ கொடுத்த சொத்துப் பட்டியலில் ஒரு பசு, ஒரு பன்றி, சில நாற்காலிகள், தட்டுமுட்டுச் சாமான்கள் தவிர வேறில்லை. மொத்த மதிப்பு 27 டாலர். ஊர் ஒதுக்கிய மண்ணில் வாழ்ந்தும் சொந்த நிலம் ஏதுமில்லை. நாட்டுக்காகப் போரிட்டவரின் நிலை இது.

1975இல் தொல்லியலாளர் ஜேம்ஸ் டீட்ஸ் அங்கே அகழாய்வைத் தொடங்கினார். ஆங்கிலேய வழிக் குடியேறிகளின் வீடுகளில் 16 அடி வழக்கமான அளவாக இருக்க, இங்கே 12 அடி அளவில் அடித்தளம் வெளிப்பட்டது. மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து புளி ஏற்றி வரப் பயன்பட்டவை என்று கருதப்படும் பெரிய மண்சாடிகளின் துண்டுகளும் கிடைத்தன. வீடுகள் தனித்தனியே விலகி நிற்காமல் நெருங்கி அமைந்திருந்தன. இவற்றில் ஆப்பிரிக்க மரபின் தொடர்ச்சியைக் கண்டார் டீட்ஸ். 1979இல் இந்த இடம் தேசியப் பதிவேட்டில் ஏறியது.

பதிவின் முதல் பயன் இங்கேதான் தெரிகிறது. விண்ணப்பம் எழுத வேண்டுமானால் ஊர்க்கூட்டத் தீர்மானம், நிலப்பத்திரம், ஓய்வூதிய ஆவணம் எல்லாவற்றையும் புரட்டியாக வேண்டும். யாரும் தேடாத ஏழைகளின் பெயர்கள் அந்தத் தேடலில் மீண்டும் வெளிச்சத்துக்கு வருகின்றன. இதை எளிய பயனாகக் கருதக்கூடாது.

ஆனால் பதிவு என்பது பாதுகாப்பு அன்று. கூட்டாட்சி அரசின் பணமோ அனுமதியோ தேவைப்படும் திட்டம் வந்தால், அந்த இடத்துக்கு நேரும் பாதிப்பை அரசு பரிசீலிக்க வேண்டும், அவ்வளவே. ஊர் தன் சொந்தப் பணத்தில் அங்கே விளையாட்டுத் திடலோ வண்டி நிறுத்துமிடமோ அமைக்க முற்பட்டால் தேசியப் பதிவு அதைத் தடுக்காது. பதிவு கிடைத்ததும் மனை காப்பாற்றப்பட்டுவிட்டது என்று ஊரார் ஓய்ந்துவிடுவது பெரிய ஆபத்து.

அளவுகோல்களிலும் சாய்வு உண்டு. இடம், வடிவம், கட்டுமானப் பொருள், கைவேலைப்பாடு முதலான ஏழு கூறுகளில் பழைய தன்மை எவ்வளவு எஞ்சியிருக்கிறது என்று பார்க்கிறார்கள். கல்வீட்டுச் செல்வருக்கு இது எளிது. மரக்குடிலில் வாழ்ந்தவர் விட்டுச்சென்றது ஒரு பள்ளமும் சில கற்களுமே. அத்தகைய மனைக்குப் பெரும்பாலும் மண்ணிலிருந்து செய்தி கிடைக்கும் வாய்ப்பு என்ற நான்காவது அளவுகோல்தான் வழிவிடும். அதுவோ மண்ணைத் தகவல் சுரங்கமாகவே பார்க்கிறது. பார்ட்டிங் வேஸில் கேட்டோ ஹோ முதலான அந்நால்வரின் கல்லறைகளும் உள்ளன. கல்லறை உள்ள மண்ணின் மதிப்பு, தோண்டி எடுக்கும் பொருளோடு முடிவதில்லை. தகவல் வாய்ப்போடு வரலாற்று நிகழ்வின் அடிப்படையிலும் விண்ணப்பிப்பதே இத்தகைய இடங்களுக்கு நீதி.

செலவும் உண்டு. தகுதியுள்ள ஆய்வாளரை அமர்த்தாமல் நல்ல விண்ணப்பம் எழுதுவது கடினம். வருமானம் தரும் கட்டடங்களைப் புதுப்பிப்போருக்குக் கிடைக்கும் 20 சதவீத வரிச்சலுகையும் வெறும் மனைக்குப் பயன்படாது. புதையல் தேடுவோருக்கு அஞ்சி, இடத்தின் சரியான அமைவை வெளியிடாமல் மறைத்து வைக்கச் சட்டம் அனுமதிப்பது மட்டும் ஓர் ஆறுதல்.

ஊர் நிலத்தில் உரிமையாளரும் முடிவெடுப்பவரும் ஒருவரே. அடுத்து வரும் நிர்வாகம் மனம் மாறலாம். அதைக் கட்டுப்படுத்துவது பத்திரத்தில் எழுதிப் பதிவுசெய்யும் பாதுகாப்பு நிபந்தனை. மாசசூசெட்ஸ் சட்டத்தில் அதற்கு இடமுண்டு. அந்த நிபந்தனையைக் கண்காணிக்கும் பொறுப்பை ஊருக்கு வெளியே உள்ள ஓர் அறக்கட்டளையிடம் ஒப்படைக்கலாம். பதிவேட்டுக்கு விண்ணப்பிப்போர் இந்த நிபந்தனையையும் ஊர்க்கூட்டத்தில் கேட்டுப் பெற வேண்டும்.