எத்தனையும் எவ்வளவும்

கோவளத்துக் கரையில் விடியலில் வந்திறங்கும் மீனைச் சற்று நின்று பாருங்கள். வஞ்சிரம் என்றால் "எத்தனை?" என்று கேட்போம். நெத்திலி என்றால் "எவ்வளவு?" என்போம். நெத்திலியை யார் எண்ணினார்கள்? கூறு வைத்துத்தான் விலை. விளிம்பு தெரியும் பொருளுக்கு ஒரு கேள்வி, குவியலாய்க் கிடப்பதற்கு இன்னொன்று. பள்ளிக்கூடத்தில் விதியென்று நம்மை மிரட்டும் ஆங்கிலத்தின் 'மெனி'யும் 'மச்'சும், நம் வாயில் என்றோ பழகிப்போன இந்த அழகிய பகுப்பின் உடன்பிறப்புகள்தாம்! (வியப்பு வந்தால் மட்டும் "எத்தனை அழகு!" என்று வேலி தாண்டிவிடுவோம்; அதுவும் ஓர் அழகு.)

ஆங்கிலத்தில் 'ஃபிஷ்' என்னும் சொல் பன்மையிலும் பெரும்பாலும் உருமாறாது. பெயர் அசையாமல் நிற்க, முன்னே வரும் சிறு சொல்லே காட்சியை மாற்றிவிடுகிறது. 'ஹவ் மெனி ஃபிஷ்' என்றால் வலையில் வெள்ளியாய்த் துள்ளும் தனித்தனி உயிர்கள். 'ஹவ் மச் ஃபிஷ்' என்றால் சட்டிக்குப் போகும் கறி. எத்தனை மெல்லிய திருப்பம்!

இன்னும் நுட்பமான இடம் மாமல்லபுரத்தில் இருக்கிறது. சிற்பப் பட்டறை வாசலில் கிடக்கும் கருங்கல்லை 'ஸ்டோன்' என்று மட்டும் சொன்னால் அது வெறும் மூலப்பொருள், 'மச்' கேட்கும். வெட்டித் தனித்தனியே அடுக்கிய துண்டுகள் 'ஸ்டோன்ஸ்', அவற்றுக்கு 'மெனி'. கல் அதே கல்தான். பார்க்கும் கண்தான் அதற்கு எல்லை வரைந்தது. ஐந்து ரதங்களில் மிக உயர்ந்த தருமராச ரதத்தின் முன் போய் நில்லுங்கள். மேலே தளம் தளமாக, ஒவ்வொன்றாய் எண்ணி மகிழத்தக்க வடிவங்கள். கீழ்த்தளத்தின் உள்ளே குடைந்து முடிக்காத பாறை, இன்னும் எண்ணுக்குள் வராத திரள். பல்லவச் சிற்பியின் உளி நின்றுபோன அந்தக் கோட்டில்தான் மச் முடிந்து மெனி பிறக்கிறது. அந்தக் கோட்டை விட்டுக் கண்ணை எடுக்க எனக்கு மனம் வருவதே இல்லை.

'ஸம்', 'எனஃப்', 'எ லாட் ஆஃப்' ஆகியவை இரு பக்கமும் தாராளமாய் உறவாடுபவை. என் காதல் முழுவதும் 'ஃபியூ', 'லிட்டில்' என்னும் இணைமீதுதான். பறவைகளுக்கு 'ஃபியூ', தண்ணீருக்கு 'லிட்டில்'. வேடந்தாங்கல் ஏரிக்கு மழை பொய்த்த ஒரு பருவத்தை நினைத்துக்கொள்ளுங்கள். 'ஃபியூ பேர்ட்ஸ்' என்றால் சொல்பவர் வராத பறவைகளை எண்ணி ஏங்குகிறார். முன்னால் 'எ' என்ற ஒற்றை ஒலியை வைத்து 'எ ஃபியூ பேர்ட்ஸ்' என்றால், வந்தவற்றைப் பார்த்து முகம் மலர்கிறார். கிளையில் இருக்கும் நாரைகள் என்னவோ அதே எண்ணிக்கைதான்.

தமிழ் இதே நயத்தை ஓர் ஏகாரத்தில் வைத்திருக்கிறது, அதுவும் தலைகீழாக! "சில பறவைகள் வந்தன" என்பதில் நிறைவு. "சில பறவைகளே வந்தன" என்பதில் குறை. ஆங்கிலத்தில் முன்னே ஓர் ஒலி சேர்ந்தால் நம்பிக்கை. தமிழில் பின்னே ஓர் ஒலி சேர்ந்தால் ஏக்கம். "கொஞ்சம் தண்ணீர் இருக்கிறது", "கொஞ்சம் தண்ணீரே இருக்கிறது": இரண்டையும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், குரல் தானாகத் தாழும் இடம் தெரியும்.